அந்தப் பலகையை ஏன் இறக்கினேன்

கண்ணு,

போன வாரம் நீ போனில் கேட்டதற்குப் பதில் சொல்லாமல், அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். பால் எதுவும் வைக்கவில்லை. நீ பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு இரண்டு கூட்டாளிகளோடு சொந்தமாகக் கம்பெனி தொடங்கப் போகிறாய். ஊர் ஊராக இருக்கிற பிரவுசிங் சென்டர்களுக்கு வி.பி.என்., அதாவது இன்டர்நெட் லைனுக்கு ஒரு பூட்டு, போட்டுக் கொடுக்கப் போகிறாய். அதற்கு விளம்பரத்தில் நம் கடைப் படத்தைப் போட வேண்டும், "என் கடையில் இதைத்தான் வைத்திருக்கிறேன், நம்பி வாங்கலாம்" என்று நான் ஒரு வரி சொல்ல வேண்டும் என்றாய். பிறகு சிரித்துக்கொண்டே, "அந்த போர்டு இன்னும் மாட்டியிருக்குல்லம்மா, அதோட சேர்த்து போட்டோ எடுத்தா நல்லாருக்கும்" என்றாய். போர்டு மாட்டியில்லை, கண்ணு. மழையில் போய்விட்டது என்று முன்பொரு முறை உன்னிடம் சொன்னேன். மழையில் போகவில்லை. நான்தான் இறக்கினேன்.

ஏன் இறக்கினேன் என்று வாயால் சொன்னால் நீ நடுவில் குறுக்கே பேசுவாய், நானும் குரலை உயர்த்துவேன், நம் இரண்டு பேருக்கும் ஒரே புத்தி. அதனால் எழுதுகிறேன். உன் கூட்டாளிகளும் இதைப் படிக்கட்டும். இந்தத் தொழிலுக்குள் வரப்போகிற வேறு யார் படித்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஒன்று மட்டும். இதில் ஒரு பெண்ணைப் பற்றி எழுதுகிறேன். எழுதலாமா என்று அவளிடமே கேட்டேன். "பேரை மட்டும் மாத்திடுங்க அக்கா" என்றாள். மாற்றிவிட்டேன். யார் என்று உனக்குத் தெரிந்துவிடும். தெரிந்ததை உன்னோடு வைத்துக்கொள்.

நம் ஊர் தனி மாவட்டமாகி, வேங்கிக்கால் பக்கம் ஆபீஸ்கள் வர ஆரம்பித்த காலத்தில்தான் எனக்கு எஸ்.டி.டி. பூத் கிடைத்தது. கால் சரியில்லாதவர்களுக்கு முன்னுரிமை என்றார்கள். சின்ன வயதில் போலியோ வந்து சூம்பிப்போன இந்தக் கால் எனக்குக் கொடுத்த ஒரே நல்ல காரியம் அதுதான் என்று உன் அப்பாவிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பேன். செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம், ஒரு அறை. அதற்குள் ஒரு ஆள் நின்று பேசுகிற அளவுக்குக் கண்ணாடிக் கதவு போட்ட கேபின். மேலே சிவப்பு எண்கள் ஓடுகிற மீட்டர். நீ பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் அந்த எண்கள் ஓடுவதையே பார்த்துக்கொண்டு நிற்பாய்.

அந்தக் கேபினுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் ஜனங்களுக்கு ஒரு தைரியம் வந்துவிடும். வெளியில் நிற்கிறவன் காதில் ஒன்றும் விழாது. பம்பாயில் இருக்கிற அண்ணனைத் திட்டுவார்கள், பெங்களூரில் வேலை பார்க்கிற பிள்ளையை நினைத்து அழுவார்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து ஒன்றும் நடக்காத மாதிரி என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். ஆனால் எந்த நம்பருக்குப் பேசினார்கள், எவ்வளவு நேரம் பேசினார்கள் என்று என் மேசைமேல் இருந்த மிஷின் சீட்டு அடித்துக் கொடுத்துவிடும். பாதிப் பேருக்கு நம்பர் சுற்றவும் தெரியாது. "அக்கா, நீயே போட்டுக் குடு" என்று என்னிடமே சொல்லிவிடுவார்கள். அதனால் இந்த ஊரில் யார் யாரைத் தேடுகிறார்கள், யாருக்கு எங்கே கடன்பட்ட மனசு இருக்கிறது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். நான் தெரிந்துகொள்ள ஆசைப்படவில்லை. நான் உட்கார்ந்திருந்த இடம் அப்படி.

ஒருநாள் ஒரு ஆள் வந்தான். நம் தெருவுக்குப் பின்னால் இருந்தவன்தான். "காலையில எம் பொண்டாட்டி வந்தாளே, யாருக்குப் போன் போட்டா? நம்பரைக் குடு" என்றான். சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டேன் என்றேன். மிஷினில் இருக்குமே என்றான். "இருந்தா இருக்கட்டும், எனக்குப் பார்க்கத் தெரியாது" என்றேன். எனக்கா தெரியாது. அவன் முக்காலியை உதைத்துவிட்டுப் போனான். அன்றைக்கு அப்பா டூட்டி முடிந்து கண்டக்டர் பையோடு வந்தார். நடந்ததைச் சொன்னேன். "நீ கொஞ்சம் ஜாஸ்தி பண்ற. புருஷன்தானே கேட்டான், ஊரான் கேட்டானா?" என்றார். எனக்கு வந்த கோபத்தில் அவருக்குச் சோறு போடாமல் உட்கார்ந்திருந்தேன். பிறகு சொன்னேன்: "அந்தக் கதவு வெளியில நிக்கிறவனுக்கு. உள்ள உக்காந்திருக்கிற எனக்கு யாரு கதவு போட்டாங்க? நானேதான் போட்டுக்கணும்." அவர் தலையை ஆட்டினார். அப்பா எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டுவார். பஸ்ஸில் முப்பது பேர் முப்பது விதமாகப் பேசினாலும் எல்லாருக்கும் ஆமாம் சொல்லி, எல்லாருக்கும் உட்கார இடம் பிடித்துக் கொடுத்துப் பழகிய மனுஷன்.

அப்புறம் ஆளுக்கொரு செல்போன் வந்தது. பூத்தில் ஈ ஓட்டினேன். நீதான் இன்ஜினியரிங் படிக்கும்போது கம்ப்யூட்டர் போடலாம் என்று பிடிவாதமாக நின்றாய். கேபினை ஓரமாகத் தள்ளிவிட்டு, பிளைவுட் தடுப்பு வைத்து பிரவுசிங் சென்டர் ஆக்கினோம். அந்தத் தடுப்புகளை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்புதான் வருகிறது. ஒவ்வொருத்தருக்கும் ஒரு மறைப்பு. ஆனால் உள்ளே உட்கார்ந்தவர் அங்கிருந்து கத்துவார்: "அக்கா, பாஸ்வேர்டு கேக்குதுக்கா, எம் பொண்ணு பேரு போட்டு, அப்புறம் ஒண்ணு ரெண்டு மூணு, நீங்களே வந்து அடிங்க." போன் நம்பர் சுற்றச் சொல்லிப் பழகிய வாய்தானே. கடையில் இருக்கிற எல்லாருக்கும் எல்லாருடைய சாவியும் தெரியும். அதை ஒரு தப்பாக யாரும் நினைக்கவில்லை. இங்கே ஒருத்தரை நம்புவது என்றால் முழுசாக நம்பிவிடுவது என்றுதான் அர்த்தம்.

நீ வி.பி.என். கொண்டுவந்தது ஒரு கார்த்திகை தீபத்துக்குச் சென்னையிலிருந்து லீவில் வந்தபோது. ஆசிரமத்துப் பக்கம் வாடகை அறையில் இருந்த ஒரு வெள்ளைக்கார அம்மா, இந்தக் கடையில் பாங்க் வேலை பார்க்கலாமா, லைனில் யாராவது பார்ப்பார்களா என்று கேட்டாள். நான் உன்னைக் கேட்டேன். நீ ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து எல்லா மிஷினிலும் ஏதோ போட்டாய். திரையின் மூலையில் சின்னதாக ஒரு பச்சை விளக்கு எரிய ஆரம்பித்தது. "இது எரியற வரைக்கும் கவலையில்லம்மா. இங்கேர்ந்து கிளம்பறது பூட்டுப் போட்டுக் கிளம்பும். வழியில எவனும் பிரிச்சுப் பார்க்க முடியாது. நம்ம எஸ்.டி.டி. கேபின் மாதிரிதான்" என்றாய். நீ சொன்ன உதாரணம் எனக்குப் பிடித்திருந்தது. அது எவ்வளவு சரியான உதாரணம் என்று அன்றைக்கு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

பெயின்டரை வரச்சொல்லி நீயே வாசகம் எழுதிக் கொடுத்தாய். "பாதுகாப்பான இன்டர்நெட். நீங்கள் பார்ப்பதை வேறு யாரும் பார்க்க முடியாது." அவர் தன் பங்குக்கு ஒரு மஞ்சள் பூட்டு வரைந்தார். பலகையை மாட்டும்போது மலர் கடையில் இருந்தாள். இந்த மலர்தான் நான் பேரை மாற்றியிருக்கிற பெண். பக்கத்துக் கிராமம். நர்சிங் முடித்துவிட்டு இங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தாள். டூட்டி முடிந்து பஸ்ஸுக்கு நேரம் இருந்தால் நம் கடைக்கு வருவாள். அவள் பலகையை அண்ணாந்து பார்த்து, "நெஜமாவே யாரும் பார்க்க முடியாதா அண்ணா?" என்று உன்னைக் கேட்டாள். "நான் காரண்டி. சென்னையில உக்காந்துக்கிட்டு நானே பார்த்தாலும் ஒண்ணும் தெரியாது" என்றாய். ஸ்டூல்மேல் நின்றுகொண்டு, கையில் சுத்தியலோடு சொன்னாய். உனக்கு ஞாபகம் இருக்காது. அவளுக்கு இருக்கிறது.

அவள் ஏன் கேட்டாள் என்று பிறகுதான் எனக்குச் சொன்னாள். வெளிநாட்டு ஆஸ்பத்திரி வேலைக்கு ஒரு ஏஜென்சி வழியாக எழுதிப் போட்டிருந்தாள். வீட்டில் யாருக்கும் தெரியாது. வீட்டில் அவளைத் தாய்மாமனுக்குக் கொடுப்பதாக அவள் பிறந்தபோதே பேசி வைத்திருந்தார்கள். அவளுடைய அம்மாவின் தம்பி. நிலம் இருக்கிறது, டிராக்டர் இருக்கிறது, குடிக்கிறவன் இல்லை. "மாமா நல்லவருதான் அக்கா. ஆனா எனக்குப் போய்ப் பார்க்கணும்" என்றாள். எங்கே போய் எதைப் பார்க்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அந்த வயதில் எனக்கும் அப்படி இருந்தது. என் கால் விடவில்லை.

உன் பலகையை மாட்டிய பிறகு அவள் கொஞ்சம் கொஞ்சமாக மாறினாள். முன்பெல்லாம் வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் மூடி, சைன் அவுட் கொடுத்து, ஒருமுறைக்கு இருமுறை பார்த்துவிட்டுத்தான் எழுவாள். அப்புறம் அந்தப் பயம் குறைந்தது. அவளுக்கு மட்டுமில்லை. கடைக்கு வருகிற எல்லாருக்கும் குறைந்தது. மஞ்சள் பூட்டு இருக்கிறதே, நாம் வேறு ஏன் பூட்ட வேண்டும் என்கிற எண்ணம். மேலே இருக்கிற பெருக்கல் குறியை அழுத்தி ஜன்னலை மூடிவிட்டு எழுந்து போவார்கள். மூடிய ஜன்னலுக்குப் பின்னால் எல்லாம் திறந்தபடியே இருக்கும்.

அன்றைக்குப் பௌர்ணமி. ஊர் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். மதியத்திலிருந்தே கிரிவலத்துக்கு ஜனம் வந்துகொண்டிருந்தது. பஸ்ஸை எல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். மலருக்கு அன்று ஏஜென்சியிலிருந்து மெயில் வந்திருந்தது. வேலை கிடைத்துவிட்டது, சம்மதம் எழுதி அனுப்பு என்று. என் கையைப் பிடித்து அழுத்தினாள். பாஸ்போர்ட் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு மறுநாள் வந்து பதில் அனுப்புகிறேன் என்றாள். பஸ் பிடிக்க வெகுதூரம் நடக்க வேண்டும் என்று அவசரமாக ஜன்னலை மூடிவிட்டு, எதிரே வந்த அப்பாவிடம் மெயிலில் நல்ல சேதி என்று மட்டும் சொல்லிக் கிளம்பினாள். எனக்குக் கால் கடுத்தது. அப்பாவைக் கல்லாவில் உட்காரச் சொல்லிவிட்டு உள்ளறைக்குப் போய்ப் படுத்தேன்.

கொஞ்ச நேரத்தில் அவளுடைய மாமன் வந்திருக்கிறான். கிரிவலம் சுற்ற வந்தவன். கடையிலிருந்து அவள் போனதைத் தூரத்தில் பார்த்திருக்கிறான். கூட்டத்தில் கூப்பிட்டும் அவளுக்குக் கேட்கவில்லை. இங்கே என்ன வேலை என்று விசாரிக்க உள்ளே வந்தான். அப்பாவிடம், "எங்க அக்கா பொண்ணுங்க. இங்க இன்னா பண்ணுது?" என்று கேட்டான். அப்பா முகமெல்லாம் சிரிப்பாக, "மலரு மாமாவா? வாங்க வாங்க. ஏதோ நல்ல சேதி மெயில்ல வந்துச்சாம், அவ்ளோ சந்தோஷமா போச்சு. அது எழுந்த சீட்டு காலியாத்தான் இருக்கு, உக்காருங்க" என்றார். நல்ல சேதி என்றால் எனக்கும் ஒரு காப்பி எடுத்துக் கொடுங்கள், வீட்டில் காட்டுகிறேன் என்று அவன் கேட்டான். அப்பா மெயிலைத் திறந்தார். பாஸ்வேர்டு கேட்கவில்லை. திறந்துகொண்டது. பிரிண்ட் கொடுத்தார், இரண்டாக மடித்து அவன் கையில் கொடுத்தார். அப்பா அதில் ஒரு எழுத்தைப் படிக்கவில்லை, கண்ணு. இங்கிலீஷ் அவருக்கு அவ்வளவு ஓடாது. படிக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவும் இல்லை. தாய்மாமன் கேட்டான், கொடுத்தார். அவ்வளவு நேரமும் மூலையில் உன் பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. வழியில் எவனும் எதையும் பிரிக்கவில்லை.

இதெல்லாம் எனக்கு அன்று தெரியாது. அப்பா ஒரு விஷயமாகவே நினைக்காததால் சொல்லவும் இல்லை. மலர் மறுநாள் வரவில்லை. அந்த வாரம் முழுக்க வரவில்லை. ஆஸ்பத்திரியில் வேலையை விட்டுவிட்டாள் என்றார்கள். பிறகு ஒருநாள் அந்த மாமன் தாம்பூலத் தட்டோடு கடைக்கு வந்தான். பத்திரிகை வைக்க வந்திருந்தான். என்னை நிற்க வைத்து, அப்பாவை நிற்க வைத்து, தட்டில் வைத்துக் கொடுத்தான். "சார், நீங்க அன்னிக்கு அந்தக் காப்பியை எடுத்துக் குடுக்கலன்னா எங்க பொண்ணு கையை விட்டுப் போயிருக்கும். ஒங்கள மறக்கவே மாட்டோம். குடும்பத்தோட வந்துடணும்" என்றான். அவன் கண்ணில் நன்றிதான் இருந்தது. கேலி இல்லை, குத்தல் இல்லை. அதனால்தான் தாங்க முடியவில்லை.

அவன் போன பிறகு அப்பா என்னைப் பார்த்தார். "நான் இன்னா பண்ணேன்?" என்று கேட்டார். நான் சொன்னேன். கத்தவில்லை. கத்துவேன் என்று அவர் எதிர்பார்த்தார், என்னால் முடியவில்லை. அவர் அந்த வெற்றிலைத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு, "மாமன்தானேன்னு நெனச்சேன்" என்றார். நாற்பது வருஷம் யாருக்கும் ஒரு கெடுதல் நினைக்காத மனுஷன். அவரிடம் யார் வந்து எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்ல வராது. அந்த நல்ல குணம் ஒரு பெண்ணின் வழியில் போய்ப் படுத்துக்கொண்டது.

நான் மலர் வீட்டுக்குப் போனேன். பஸ் நிறுத்தத்திலிருந்து வீடுவரை நடப்பதற்குள் என் கால் என்னைக் கொன்றுவிட்டது. அவளுடைய அம்மா மரியாதையாகத்தான் உட்காரவைத்தாள். பொண்ணு மனசைக் கேட்டீர்களா என்று கேட்டேன். "எங்க வூட்டுப் பொண்ணு, எங்க தம்பி. இதுல கேக்கறதுக்கு இன்னாங்க இருக்கு?" என்றாள். பாஸ்போர்ட் பீரோவுக்குள் இருக்கிறது என்று அவளாகவே சொன்னாள். மலர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். மஞ்சள் பூசி உட்கார வைத்திருந்தார்கள். உனக்காக நான் யாரிடம் பேசட்டும், என்ன செய்யட்டும் என்று மெதுவாகக் கேட்டேன். அவள் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டே, "அண்ணன் காரண்டின்னு சொன்னாரு அக்கா" என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

கல்யாணம் நடந்தது. நாங்கள் போகவில்லை. அந்த வாரம்தான் பலகையை இறக்கினேன். இறக்கிப் பழைய எஸ்.டி.டி. கேபினுக்குள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன். உனக்கு அப்போது ஆபீஸில் புது வேலை, ராத்திரி பகல் பார்க்காமல் உழைத்துக்கொண்டிருந்தாய். சொல்ல மனசு வரவில்லை. இப்போது அதே வேலையை ஊருக்கெல்லாம் செய்யப் போகிறாய். இதற்கு மேலும் சொல்லாமல் இருந்தால் நான் உனக்கு அம்மா இல்லை.

வி.பி.என். வேண்டாம் என்று சொல்கிறேன் என்று நினைக்காதே. அது இன்னும் நம் எல்லா மிஷினிலும் ஓடுகிறது. அந்த வெள்ளைக்கார அம்மா கேட்ட கேள்விக்கு அது சரியான பதில். பக்கத்து லாட்ஜில் லைனுக்குள் புகுந்து எவனோ அடுத்தவர் மெயிலைப் படித்தான் என்று பேச்சு வந்தபோது நம் கடைக்கு வருகிறவர்கள் பயப்படாமல் இருந்தார்கள். சாலையில் திருடன் இருக்கிறான், அவனுக்கு அது வேலி. ஆனால் இங்கே ஜனங்களைக் கெடுக்கிறவர்கள் பாதிப் பேர் சாலையில் இல்லை. பக்கத்து நாற்காலியில் இருக்கிறார்கள். கல்லாவில் இருக்கிறார்கள். ஒரே தட்டில் சோறு தின்கிறார்கள். அவர்களுக்கு உன் பூட்டு எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாது. வழிக்குப் பூட்டுப் போட்டிருக்கிறேன் என்று நீ எழுதியிருந்தால் அது உண்மை. யாரும் பார்க்க முடியாது என்று எழுதினாய். அதை நம்பித்தான் அவள் தன் வீட்டுக் கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போனாள்.

இன்னொன்றும் இருக்கிறது. அன்றைக்குப் போனில் நான் உன்னை ஒரு கேள்வி கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா. எல்லாக் கடையிலிருந்தும் பூட்டுப் போட்டுக் கிளம்புகிறதே, அதை எங்கே திறப்பார்கள் என்று கேட்டேன். எங்கள் கம்பெனி சர்வரில் என்றாய். அப்போது யார் எங்கே போனார்கள் என்று உங்களிடம் இருக்குமா என்றேன். "இருக்கும்மா. ஆனா நாங்க அதையெல்லாம் பார்க்க மாட்டோம்" என்று சாதாரணமாகச் சொன்னாய். அந்த இடத்தில்தான் அடுப்பில் பால் என்று சொல்லிப் போனை வைத்தேன். கண்ணு, அப்பாவும் பார்க்கவில்லை. மாமன் வந்து கேட்டான், எடுத்துக் கொடுத்தார்.

நீ சொன்ன உதாரணம் சரி என்று சொன்னேனே, இதுதான். உன் வி.பி.என். நம் பழைய கேபின்தான். வெளியில் நிற்கிறவனுக்குக் கேட்காது. ஆனால் மேசைக்குப் பின்னால் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார், அவர் முன்னால் சீட்டு விழுகிறது. அந்த நாற்காலியில் நான் பதினைந்து வருஷத்துக்குமேல் உட்கார்ந்திருந்தேன். இனி நீ உட்காரப் போகிறாய். எனக்கு ஒரு தெருவின் ரகசியம்தான் தெரிந்தது, உனக்கு எத்தனை ஊர் ரகசியம் தெரியப்போகிறதோ. முக்காலியை உதைக்கிறவன் உன்னிடமும் வருவான். அவனைச் சமாளித்துவிடலாம். தட்டோடு சிரித்துக்கொண்டு வருகிறவன், சொந்தம் சொல்லிக்கொண்டு வருகிறவன், மரியாதையாக முத்திரை போட்ட ஒரு காகிதத்தை நீட்டுகிறவன், அவனிடம் என்ன சொல்வாய் என்று இப்போதே யோசி. சீட்டை வைத்துக்கொண்டு கொடுக்க மாட்டேன் என்று நிற்பதற்கு நெஞ்சில் பலம் வேண்டும். சீட்டே இல்லை என்றால் அந்தப் பலம் தேவையில்லை. என்னிடம் அவ்வளவு பலம் இல்லை என்று எனக்குத் தெரியும், அதனால்தான் சீட்டை உடனுக்குடன் கிழித்தேன், மிஷினில் இருந்ததையும் அன்றன்றைக்கு அழித்தேன். உங்கள் மிஷினில் கிழிக்க வழி இருக்கிறதா என்று உன் கூட்டாளிகளோடு உட்கார்ந்து பேசு. இல்லையென்றால் இல்லை என்று வாங்குகிறவனிடம் சொல்லிவிடு. வியாபாரம் கம்மியாகும். ஆகட்டும்.

மலர் இப்போது திரும்ப வருகிறாள். கல்யாணம் ஆகி இரண்டு மழைக்காலம் போன பிறகு ஒருநாள் வந்து நின்றாள். குழந்தை பிறந்திருக்கிறது, அதை அம்மாவிடம் விட்டிருக்கிறாளாம். மறுபடி வேலைக்குப் போகிறாள், வேறு ஆஸ்பத்திரி. அவள் வீட்டுக்காரன்தான் பைக்கில் கொண்டுவந்து விடுகிறான். அடிக்கிறவன் இல்லை, கண்ணு. அவளைக் கேட்க வேண்டும் என்று தோன்றாதவன், அவ்வளவுதான். அவளைப் பார்த்ததும் அப்பா கல்லாவிலிருந்து எழுந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய், ரோட்டைத் தாண்டி டீக்கடைப் பக்கம் நின்றுகொண்டார். அவள் வேலை முடிந்து போகும்வரை உள்ளே வரவில்லை. அன்றிலிருந்து அவள் வரும்போதெல்லாம் அப்படித்தான். வெயிலாக இருந்தாலும் அங்கேதான் நிற்கிறார். அவள் ஒருநாள், "அப்பாவை உள்ள வந்து உக்காரச் சொல்லுங்க அக்கா, நான் ஒண்ணும் நெனைக்கல" என்றாள். சொன்னேன். அவர் வரவில்லை.

நேற்றும் வந்தாள். மூலையில் இருக்கிற மிஷினில் உட்கார்ந்தாள். பச்சை விளக்கைப் பார்த்தாள், அது எரிந்தது. பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்குங்க" என்றாள். அவள் உட்கார்ந்த இடத்துக்கும் என் மேசைக்கும் நடுவில் பிளைவுட் இருக்கிறது. நான் எட்டிப் பார்த்தால்கூட ஒன்றும் தெரியாது. ஆனாலும் நாற்காலியைத் திருப்பிப் போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். பின்னால் அவள் அடிக்கிற சத்தம் கேட்டது. நிறுத்தி நிறுத்தி அடித்தாள். வெகுநேரம் அடித்தாள். முடித்ததும் ஒவ்வொன்றாக மூடி, சைன் அவுட் கொடுத்து, மிஷினையே அணைத்துவிட்டு, "திரும்பிக்கலாம் அக்கா" என்றாள்.

நீ என்னிடம் ஒரு வரி கேட்டாய். எனக்கு விளம்பரம் எழுத வராது. மலர் நேற்று என்ன எழுதினாள், யாருக்கு எழுதினாள் என்று எனக்குத் தெரியாது. வெயிலில் நின்ற உன் அப்பாவுக்கும் தெரியாது. யார் வந்து கேட்டாலும் எங்களிடம் எடுத்துக் கொடுக்க ஒன்றுமில்லை. இதே வார்த்தையை உன்னாலும் சொல்ல முடிகிற அன்றைக்கு வா. பலகையை நானே துடைத்து வெளியே எடுத்து வைக்கிறேன், படம் எடுத்துக்கொள்.

உன் அம்மா